கிணற்றடிச் சாளரம்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, சங்க இலக்கியம் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடை பற்றியோ நான் எழுதுவேனென எதிர்பார்த்திருப்பர். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் ஒருவனிடம் அதனை எதிர்பார்த்தல் நியாயமே. ஆயினும் இக்கல்லூரியில் மாணவனாயிருந்த காலத்தையும் ஆசிரியனாயிருக்கும் காலத்தையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கையில், என்னை மிகவும் வெட்கப்படச் செய்ததும் மிகவும் மகிழச் செய்ததும் ஒரே நிகழ்ச்சிதான். அது தமிழ் வகுப்பறையில் நிகழ்ந்ததன்று. விடுதிக் கிணற்றடியில், வேப்பமர நிழலில், ஒரு கணினியின் முன்னே நிகழ்ந்தது. அதனையே எழுதத் துணிந்தேன். கணினித் துறையில் வல்லுநரான பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். என் விளக்கத்திற் குற்றங் காணின் பொறுத்தருள்க.

2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எமது விஞ்ஞான மன்றம் கண்காட்சியொன்று நடத்தத் தீர்மானித்தது. தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியை அப்போது மகப்பேற்று விடுமுறையில் இருந்தார். "மாஸ்டர், உங்களுக்கு ஒண்டும் தெரியத் தேவையில்லை. பெடியள் எல்லாம் செய்வாங்கள். நீங்கள் அறையைத் திறந்து பூட்டினாற் காணும்" என்று சொல்லி, அதிபர் கணினி அறையின் திறப்பை என் கையிலே தந்துவிட்டார். இவ்வாறாக, மாணவனாயிருந்தபோது கணினி என்பதைப் படத்தில் மாத்திரமே கண்டிருந்த நான், இருபது கணினிகளுக்குக் காவலனாயினேன்.

அம்மன்றத்திலே பன்னிரண்டாந் தர மாணவன் ஒருவன் இருந்தான். பெயரைக் குறிப்பிடுவதை அவன் விரும்பமாட்டான். தந்தையார் வெங்காயமும் மிளகாயும் செய்கின்ற கமக்காரர். அவர்களுடைய தோட்டக் கிணற்று நீர் சில ஆண்டுகளாக வைகாசி, ஆனி மாதங்களில் உவர்க்கத் தொடங்கியிருந்தது. இதன் காரணத்தை வலிகாமத்தார் அறிவர்; பிற ஊர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரிமழை சுண்ணாம்புக்கற் பாறையின் இடுக்குகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரின் அடர்த்தி 1.000 ஆயின் கடல்நீரின் அடர்த்தி 1.025, ஆகவே கோட்பாட்டளவில், கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே நாற்பதடி நிற்கும். மேலே ஓரடி குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால், கீழேயிருந்து உவர்நீர் நாற்பதடி ஏறுவதற்கு இடமுண்டாகும். துலா மிதித்து இறைத்த காலத்தில் இதனை யாரும் எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. மோட்டருக்குக் களைப்பில்லை.

"மோட்டர் ஓடேக்கை தண்ணி எப்பிடி இறங்குது, நிப்பாட்டினாப் பிறகு எவ்வளவு நேரத்தில திரும்ப ஏறுது எண்டு அப்பா கண்ணாலை பாக்கவேணும் சேர்" என்றான் அம்மாணவன். அளந்து அட்டவணையாக எழுதிக் கொடுத்தாற் போதாதோ என்று கேட்டேன். "எழுதிக் குடுத்தனான். சட்டைப்பைக்குள்ள மடிச்சு வைச்சிட்டார்" என்றான். ஆகவே, நீர் இறங்கும் அக்கணத்திலேயே, கணினித் திரையில் ஒரு சாளரத்தினுள்ளே, அதற்கான கோடும் இறங்கவேண்டும். இதுவே அவன் விரும்பியது.

அவனுடைய கருவி எளிது. ஆர்டுயினோ என்னும் சிறு மின்சுற்றுப் பலகையொன்று. அதனோடு ஒலியால் தூரத்தை அளக்கும் உணரியொன்று. (ஆர்டுயினோ இத்தாலியிலே இவ்ரேயா என்னும் ஊரில் 2005 ஆம் ஆண்டில் மாணவர்க்கென ஆக்கப்பட்டது. அவ்வூரை முன்னாளில் ஆண்ட அரசனொருவனின் பெயரை ஒரு மதுச்சாலைக்கு வைத்திருந்தனர். மதுச்சாலையிலிருந்து அப்பெயர் பலகைக்கு வந்ததாம். எமது மன்றத்தில் அவ்வாறு பெயர் சூட்ட அதிபர் ஒப்புவாரோ, அறியேன்.) உணரி செக்கனுக்கு நாற்பதாயிரம் அதிர்வுள்ள, எம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பும். அவ்வொலி நீரிற்பட்டு மீளும் நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படும். பாடநூலிலே ஒலியின் வேகம் செக்கனுக்கு 343 மீற்றர் என்றிருக்கும். அது 20 பாகை வெப்பநிலைக்கு உரியது. எம்முடைய வெயிலுக்கு 349 என இடவேண்டுமென்று அவன் தானாகவே திருத்தியிருந்தான். அதைக் கண்டபோதே இவன் சாதாரணன் அல்லன் என்று நினைத்தேன். அவ்வுணரி நான்கு மீற்றருக்கு மேல் அளக்காது. ஆகையாற் கிணற்றின் குறுக்கே ஒரு குழாயை வைத்து, அதிலிருந்து உணரியைக் கீழே தொங்கவிட்டான். யூ.எஸ்.பி வடம் ஐந்து மீற்றருக்கு மேற்படலாகாது என்பதால், மேசையும் மடிக்கணினியும் வேப்பமரத்தடிக்கு வந்தன.

கோடு வரைவதற்கு அவன் எடுத்துக்கொண்டது பைதன் மொழியிலுள்ள மட்பிளொட்லிப் என்னும் நிரற்றொகுதி. அதனை ஆக்கிய ஜோன் ஹன்ரர் என்பவர் நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளரின் மூளையில் எழும் மின்னலைகளைத் திரையிலே பார்க்கும் தேவையிலிருந்தே 2003 ஆம் ஆண்டளவில் அது பிறந்தது. வரைபு தனியே ஒரு தாளாக நிற்காது, வேறொரு செயலியின் சாளரத்துள்ளே பதித்து வைக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது தொடக்கத்திலேயே அவர் வகுத்துக்கொண்ட தேவைகளுள் ஒன்று. அவர் 2012 ஆம் ஆண்டிலே, என்னையொத்த வயதில், நாற்பத்து நான்கில், காலமானார். இவற்றையெல்லாம் அம்மாணவனே எனக்குச் சொன்னான். பின்னர் நானும் படித்து அறிந்துகொண்டேன்.

சாளரம் டிகின்டர் என்பதனால் ஆயது. அதிலே 'தொடங்கு', 'நிறுத்து', 'சேமி' என மூன்று பொத்தான்கள். நடுவிலே வரைபுக்கு ஒரு கித்தான். முதன்முறை ஓட்டிப் பார்த்தபோது கோடு பத்துச் செக்கன் அழகாக ஓடிற்று. 'நிறுத்து' என்பதை அழுத்தினான், நிற்கவில்லை. சாளரத்தை நகர்த்த முயன்றான், நகரவில்லை. சற்று நேரத்தில் முழுச் சாளரமும் வெளிறிப்போயிற்று. கணினி பழுதாகிவிட்டது என்றே நான் எண்ணி, அதிபருக்கு என்ன மறுமொழி சொல்வதென்று கலங்கினேன்.

பழுதன்று என்பதை அவன் எனக்கு விளக்கிய விதம் இன்றும் நினைவிலுண்டு. ஒரேயொரு எழுதுவினைஞர் உள்ள கந்தோரை நினைத்துக்கொள்ளுங்கள். வருவோருக்கு மறுமொழி சொல்பவரும் அவரே. பேரேட்டில் எழுதுபவரும் அவரே. அவர் தபாற்காரனை எதிர்பார்த்துப் படலையடியிலே போய் நின்றுவிட்டால், உள்ளே யார் மணியடித்தாலும் கேட்பாரில்லை. சாளரமும் அத்தகையதே. பொத்தானைக் கவனிப்பதும் படத்தைப் புதுப்பிப்பதும் ஒரே நிரலோட்டத்தின் வேலை. அவன் அதனை உணரியின் அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கும் முடிவில்லாத சுழலுக்குள் நிறுத்திவிட்டான். திருத்தம் யாதெனில், படலையடியிற் காத்து நிற்பதற்கு இன்னொருவரை வைப்பது. அவர் வருகின்ற எண்களை ஒரு பெட்டியில் இடுவார். எழுதுவினைஞரோ தம் ஆசனத்தை விட்டகலாது, செக்கனுக்கு ஐந்து முறை பெட்டியை எட்டிப் பார்த்து, இருப்பதை எடுத்து வரைந்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்வார். படலையடியில் நிற்பவர் பேரேட்டைத் தொடலாகாது. அதாவது சாளரத்தைத் தொடும் உரிமை முதன்மை ஓட்டத்துக்கே உண்டு. இந்த ஒழுங்கு எமது கந்தோர்கள் சிலவற்றுக்கும் வந்தால் நன்று.

அதன்பின்னும் ஒரு மணித்தியாலம் ஓடினால் சாளரம் சோர்ந்தது. ஒவ்வொரு முறையும் பழைய கோட்டின்மேல் புதிய கோடொன்றை அவன் வரைந்துகொண்டே போயிருக்கிறான்; ஒன்றன்மேல் ஒன்றாய் ஆயிரக்கணக்கான கோடுகள். ஒரே கோட்டை வைத்துக்கொண்டு அதன் எண்களை மாத்திரம் மாற்றவும், புதியது ஒன்று வரும்போது மிகப் பழையதொன்றைத் திரையிலிருந்து விடவும் செய்தபின் அது சரியாயிற்று. கோப்பில் மாத்திரம் எல்லாம் பதிவாயின.

இனி என் துறைக்கு வருகிறேன். அச்சுக்களின் பெயர்களைத் தமிழில் எழுதவேண்டுமென்று நான் சொல்லியிருந்தேன். எழுதினான். திரையில் வெறுங் கட்டங்களே வந்தன. மட்பிளொட்லிப் தன்னுடன் கொண்டுவரும் எழுத்துருவில் தமிழெழுத்து இல்லை. தமிழ் எழுத்துருவொன்றைச் சுட்டிக் கொடுத்தான். இப்போது எழுத்துகள் வந்தன. ஆனால் 'நேரம்' என்றெழுதியது 'நரேம்' என்று நின்றது! நகரத்தின் முன்னே நிற்கவேண்டிய இரட்டைக் கொம்பு அதன் பின்னே போய், ரகரத்தைப் பற்றிக்கொண்டது. கணினியின் நினைவில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகவே எழுத்துகள் வைக்கப்படுகின்றன. காட்டும்போது கொம்பை முன்னே கொணர்ந்து வைப்பது தனியொரு வேலை. நாங்கள் பயன்படுத்திய பதிப்புக்கு அவ்வேலை தெரியாது. உயிர்மெய்யின் பிறப்பைப் பல்லாண்டு கற்பித்த எனக்கு, அன்றுதான் அது கண்முன்னே பிரிந்து நின்றது.

"சேர், ஒரு வழி இருக்கு" என்றான். "கொம்பை முதலிலும் நாவைப் பிறகும் தட்டினால் பார்வைக்குச் சரியா வரும்."

அவன் சொன்னது உண்மை. ஆனால் உள்ளே எழுதப்பட்டிருப்பது ஒரு சொல்லே அன்று. கொம்பில் தொடங்கும் சொல் தமிழில் ஏது? தேடினால் அகப்படாது, வேறொரு கணினியில் திறந்தால் சிதையும். நான் சற்றுக் கடுமையாகவே சொன்னேன்: "பிழையாக எழுதிச் சரியாகக் காட்டுகிற வேலை வேண்டாம் தம்பி. பார்ப்பவன் அறியமாட்டான் என்பதற்காகப் பிழை சரியாகிவிடாது." அவன் மறுத்துரைக்கவில்லை. வரைபின் உள்ளே எண்களை மாத்திரம் விட்டுவிட்டு, 'நேரம்', 'நீர்மட்டம்' என்பனவற்றைச் சாளரத்தின் எழுத்துப் பட்டிகளாக வரைபுக்கு வெளியே வைத்தான். அங்கே விண்டோஸ் தானே எழுத்தைக் கோக்கின்றமையாற் கொம்பு தன் இடத்தில் நின்றது. அன்று நான் மிகுந்த பெருமிதத்தோடு வீடு சென்றேன்.

கண்காட்சிக்கு முதனாள் பிற்பகல். எல்லாம் ஆயத்தம். மோட்டரைப் போட்டோம். கோடு அசையவில்லை, தென்னோலையின் ஈர்க்குப்போல் நேராகக் கிடந்தது. நீர் குறையவில்லைப் போலும் என்று நான் சொன்னேன். அவன் கிணற்றை எட்டிப் பார்த்தான். நீர் ஒரு சாணுக்குமேல் இறங்கியிருந்தது. உணரியைத் தூக்கிப் பார்த்தபோது, கிணற்றின் ஈரம் அதன் முகத்தில் முத்து முத்தாகப் பூத்திருந்தது. மீளொலி கேட்கவில்லை. மீளொலி கேளாதபோது பலகை பூச்சியம் என்று சொல்லும். பூச்சியம் வந்தாற் கோடு அசிங்கமாக மேலுங் கீழும் குதிக்குமென்று, அவ்விடத்தில் முந்திய எண்ணையே மீண்டும் இடும்படி அவன் நிரலில் எழுதியிருந்தான். ஆகவே உணரி செவிடான கணத்திலிருந்து, நீர் அசையாது நிற்பதாகத் திரை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

துடைத்தால் ஓடும்; சற்று நேரத்தில் மீண்டும் பூக்கும். நீர் புகாத வேறு வகை உணரி உண்டு. ஆனால் மறுநாட் காலைக்குள் அது யாழ்ப்பாணத்தில் எங்கே கிடைக்கும்? பிரதம விருந்தினர் ஒன்பது மணிக்கு வருவார், பெற்றோர் வருவர். அப்போது நான் சொன்னதை இங்கே ஒளிக்காது எழுதுகிறேன். "செவ்வாய்க்கிழமை சேமித்த கோப்பு இருக்கிறதல்லவா? அதையே நாளைக்கு ஓட்டிக் காட்டு. கிணறும் அதே கிணறு. மோட்டரும் அதே மோட்டர். யார் கண்டது?"

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சேர், பிழையா எழுதிச் சரியாக் காட்டவேண்டாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

எனக்குக் கோபம் வந்தது. அவன் சொல்வது சரியென்று உடனே தெரிந்தமையாலேயே வந்தது போலும். "உன் விருப்பப்படி செய், நாளைக்கு அவமானப்பட்டால் என்னிடம் வராதே" என்று சொல்லித் திறப்பை அவன் கையிலே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மாணவனொருவனிடம் நான் நடந்துகொண்ட முறைகளுள் இதனைவிட இழிந்தது ஒன்று நினைவில் இல்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. என் இளமைக்காலம் நினைவுக்கு வந்தது. 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. வானொலிக்குப் போடும் பற்றரிகளும் தடைசெய்யப்பட்டிருந்தன. சைக்கிளை இரட்டைத் தாங்கியில் நிறுத்தி, தைனமோவிலிருந்து வயரெடுத்து வானொலிக்குக் கொடுத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் செய்தி கேட்பது அக்கால வழக்கம். எங்கள் வீட்டில் மிதிப்பவன் நான். பத்து வயதுக் கால். இடையிலே சோர்ந்து நின்றுவிடும். நின்றதும் குரல் அறுந்துபோகும். "மிதி தம்பி, மிதி" என்பார் ஐயா. மீண்டும் மிதிப்பேன், செய்தி வேறோர் இடத்திலிருந்து தொடரும். இடையிலே என்ன சொல்லப்பட்டது என்பதை எவரும் இட்டு நிரப்பவில்லை. "அந்த இடம் கேக்கேல்லை" என்றுதான் ஐயா அயலவருக்குச் சொல்லுவார். பெரிய தாக்குதலொன்றைப் பற்றிய செய்தியின் நடுவே என் கால் நின்றுபோன நாளிலும், அவர் அவ்வாறே சொன்னார்.

விடியுமுன் எழுந்து கல்லூரிக்குப் போனேன். அவன் எனக்கு முன்னே வந்திருந்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன், "இதைப் பாருங்கோ சேர்" என்று சாளரத்தைக் காட்டினான். மீளொலி கேளாத இடத்தில் முந்திய எண்ணை இடுவதை நீக்கிவிட்டு, 'எண் அல்லாதது' எனப் பொருள்படும் ஒரு குறியை இட்டிருந்தான். அக்குறி வந்த இடத்தில் மட்பிளொட்லிப் கோட்டை வரையாது இடைவெளி விடும். எண் மீண்டும் வந்ததும் அங்கிருந்து தொடரும். கோடு அங்கங்கே முறிந்திருந்தது. அதன் கீழே புதிதாக ஒரு பட்டி: 'இறுதிப் பெறுகை: 6 செக்கன்'.

"பெறுகை என்பதை யார் அறிவார்?" என்றேன். "ஒலியைத்தானே கேட்கிறது? 'கடைசியாகக் கேட்டது: 6 செக்கனுக்கு முன்' என்று போடு." அவன் சிரித்துக்கொண்டே மாற்றினான். மன்னிப்பை அதன் பிறகுதான் கேட்டேன். "பரவாயில்லை சேர்" என்றான், அவ்வளவுதான்.

கண்காட்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாணவனொருவனை உணரி துடைப்பதற்கென்றே கிணற்றடியில் நிறுத்தினோம். பிரதம விருந்தினர் வந்தார். முறிந்த கோட்டைக் கண்டு, "இது இன்னும் சரிவரவில்லைப் போலும்" என்று இரக்கத்தோடு சொல்லி, அடுத்த மேசையிலிருந்த எரிமலை மாதிரிக்குச் சென்றுவிட்டார். முதற்பரிசும் அந்த எரிமலைக்கே கிடைத்தது. எரிமலை இல்லாத நாட்டிலே ஆண்டுதோறும் அது பரிசு பெறுவதன் மாயம் எனக்கு விளங்கியதில்லை.

மத்தியானத்துக்குப் பின் அவனுடைய தந்தையார் வந்தார். தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்தார், சாரத்தில் செம்மண். என்னைக் கண்டு தோளிலிருந்த துவாயை எடுத்தார். மகன் மோட்டரைப் போட்டான். கோடு இறங்கத் தொடங்கிற்று. அவர் கோட்டைப் பார்ப்பார். எழுந்துபோய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பார். மீண்டும் வந்து கோட்டைப் பார்ப்பார். மூன்று முறை இவ்வாறு போய்வந்தபின் கிணற்றடிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். கோடு ஓரிடத்தில் முறிந்தது. கீழே செக்கன்கள் ஏறின. பையன் துடைத்ததும் சற்றுக் கீழேயிருந்து கோடு மறுபடி தொடங்கிற்று. அவர் அந்த வெளியை விரலாற் சுட்டினார்.

"இதுக்குள்ள தண்ணி என்ன செய்தது?"

"தெரியாது அப்பா" என்றான் மகன்.

அவர் தலையை அசைத்தார். "அப்ப மற்றது எல்லாம் தெரியும்" என்று, எவரிடமும் அல்லாமற் சொன்னார். சிறிது நேரம் கழித்து மோட்டரை நிறுத்தச் சொன்னார். கோடு இறங்குவது நின்று, மிக மெதுவாக மேலே திரும்பிற்று. இறங்கியதைப் போல ஏறவில்லை. தன்னுடைய கிணறும் இப்படித்தான் ஏறுமோ என்று மகனைக் கேட்டார். அதை அங்கே வைத்துப் பார்த்தாற்றான் சொல்லலாம் என்றான் அவன். எப்போது வைக்கலாம் என்று கேட்டார்.

நான்கு மணிக்குக் கண்காட்சி முடிந்தது. மற்றப் பிள்ளைகள் மேசைகளைத் தூக்கினர்; பந்தலை அவிழ்த்தனர். அவர் மாத்திரம் கதிரையை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கோடு பழைய மட்டத்துக்கு ஏறி வரும்வரை அங்கேயே இருந்தார்.